ஒரு டப்பா ஓரியூர் மண்

எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு முதல் மருந்து மண். அப்பத்தாவின் தகரப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கும் கல்லறைத் திருநாளுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுவத்திகளுக்கும் நடுவில், ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கும். உள்ளே செக்கச்செவேலென்று மண். யாருக்காவது உடம்பு சுட்டால் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டு, “அருளானந்தரே, பிள்ளையைப் பாத்துக்கய்யா” என்று சொல்வார். அப்புறம்தான் மாத்திரையைத் தேடுவார். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பத்தா விவரமானவர்.

அந்த அருளானந்தர் லிஸ்பன் நகரத்துக்காரர் என்பது பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அவரைத் தேவகோட்டைப் பக்கத்து ஆள் என்றே நினைத்திருந்தேன். ஓரியூர்க் கோயிலுக்குப் போய்ப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஓரியூர் ராமநாதபுரம் மாவட்டத்தில், திருவாடானைக்குப் பக்கத்தில், பாம்பாற்றங்கரையில் இருக்கிறது. ஆறு என்று பெயர்தான், மழைக்காலம் போய்விட்டால் மணல்தான். பிப்ரவரி 4 அவருடைய திருநாள். வேன் பிடித்து வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை. பிள்ளைக்கு மொட்டை போடுகிறவர்கள், தென்னங்கன்று நேர்ந்து கொண்டுவருகிறவர்கள், கிடா வெட்டிச் சமைத்துப் பந்தி வைக்கிறவர்கள் என்று எல்லாச் சாதிசனமும் வரும். மரத்தடியில் புகை, மசாலா வாசம், மைக்கில் பாட்டு. கிடாக்கறி பரிமாறப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இந்த மனிதர் தமிழ்நாட்டில் இருந்த காலமெல்லாம் கறி மீன் தொடாதவர். லிஸ்பனுக்குத் திரும்பிப் போயிருந்தபோதுகூட மரக்கறிதான் சாப்பிட்டார், தரையில்தான் படுத்தார். அவருடைய திருநாளில் நாம் கிடா வெட்டுகிறோம். அவரும் பொறுத்துக்கொள்கிறார்.

எல்லாருக்கும் தெரிந்த கதைதான் என்றாலும், நான் எங்கே நின்று பார்க்கிறேன் என்று சொல்வதற்காகவாவது சொல்லிவிடுகிறேன்.

1647 மார்ச் 1-ஆம் தேதி பிறந்தவர். பெயர் ஜான் டி பிரிட்டோ. அப்பா பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் ஆளுநராக இருந்து அங்கேயே இறந்துபோனார். பையன் அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு சேர்ந்து வளர்ந்தான். அந்தப் பேதுருதான் பின்னாளில் போர்த்துக்கல் அரசர். சின்ன வயதில் பெரிய சீக்கு வந்து பிழைக்கமாட்டான் என்று ஆனபோது, அம்மா சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபைச் சாமியார் அங்கி போட்டு வைக்கிறேன் என்று. பிழைத்தான். அங்கியும் போட்டுவைத்தார். நம்மூர் அம்மாக்கள் பிள்ளைக்கு அந்தோனியார் உடுப்பு போட்டுவிடுவதைப் போலத்தான். வருஷம் முடிந்ததும் அங்கியைக் கழற்றிவிட்டார்கள், ஆனால் பையனுக்கு அது கழறவே இல்லை. 15 வயதில் சேசு சபையில் சேர்ந்தார். இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது அதே அம்மா, திருத்தந்தையின் தூதர் வரைக்கும் போய்த் தடுக்கப் பார்த்தார். நேர்ந்துவிட்ட அம்மாதான் தடுத்ததும். இது எனக்குப் புரிகிறது.

1673-ல் கப்பல் ஏறி கோவா, அங்கிருந்து மதுரை மிஷன். இந்த மிஷனுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, பிராமண சந்நியாசிபோல் உடுத்தி, உயர்சாதிக்காரர்களிடம் வேதம் சொன்னார். அந்த வேஷத்தில் இருந்தால் மற்றச் சாதிகளோடு புழங்க முடியாது. எனவே அதற்குப் பின்னால் பண்டாரசாமி என்று இன்னொரு வகை வந்தது. காவி உடுத்தி, தலைப்பாகை கட்டி, தாடி வளர்த்து, கையில் மூங்கில் கம்போடு திரிகிற பண்டாரம் எல்லாச் சாதியோடும் பேசலாம். பிரிட்டோ பண்டாரசாமி ஆனார். அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். செஞ்சி, தஞ்சாவூர், மதுரை என்று பல சீமைகளில் நடந்தே திரிந்து, கடைசியில் மறவர் சீமை.

அப்போது மறவர் சீமையை ஆண்டவர் கிழவன் சேதுபதி. 1671 முதல் 1710 வரை ஆண்டவர், போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர், சேதுபதிகளிலேயே பலசாலி. எங்கள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அவரை, இயேசுவைச் சிலுவையில் அறையத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து மாதிரிச் சொல்லித் தந்தார்கள். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் 1686-ல் அருளானந்தரைக் கொல்லாமல் விட்டவரும் அவர்தான்.

அந்த 1686-ஐத்தான் பலர் அவசரமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். தலை வெட்டுப்பட்ட 1693-ல்தான் எல்லார் கண்ணும். ஆனால் துணிச்சல் என்று ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் நான் முதல் தடவை பிடிபட்டதைத்தான் பார்ப்பேன். சேதுபதியின் அதிகாரி குமாரப்பிள்ளையின் ஆட்கள் அவரையும், அவரோடு வேதம் சொல்லித் தந்த உள்ளூர் உபதேசியார்கள் சிலரையும் பிடித்தார்கள். சங்கிலி போட்டார்கள், அடித்தார்கள், கயிற்றில் கட்டித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார்கள், வெயிலில் கொதிக்கிற பாறைமேல் கிடத்தினார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: “சிவ சிவ” என்று சொல்.

இரண்டே சொல். அதுவும் அந்தச் சீமையில் கொட்டாவி விட்டாலே வாயில் வருகிற சொல். மனசில் ஒன்றும் இல்லாமல் உதட்டால் சொல்லிவிட்டு, ராத்திரியில் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டால் முடிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். இதைத் தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை, நான் போய்ப் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் கையெழுத்துக் கேட்டார்கள். சங்கிலி இல்லை, பாறை இல்லை, ஏ.சி. ரூம், எதிரில் டீ. டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டேன்.

அந்த உபதேசியார்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம். அருளானந்தருக்காவது லிஸ்பனில் ஒரு அரசர் நண்பர், ரோமாபுரியில் ஒரு சபை, அவருடைய கடிதங்களை எடுத்துவைக்க ஆட்கள். கூட அடிபட்டவர்கள் உள்ளூர் மனிதர்கள். பிழைத்து வீடு திரும்பினாலும் அதே ஊரில், அதே குளத்தில் தண்ணீர் எடுத்து, அதே அதிகாரிக்கு வரி கட்டி வாழவேண்டியவர்கள். அவர்களும் சொல்லவில்லை. அவர்கள் பெயரில் நவநாள் இல்லை, சப்பரம் இல்லை.

சேதுபதி நேரில் கூப்பிட்டு விசாரித்து விட்டுவிட்டார். இனி என் சீமையில் உன் வேதத்தைச் சொல்லாதே என்ற உத்தரவோடு.

அடுத்த வருஷமே சபை அவரை மிஷன் காரியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1688-ல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். பழைய விளையாட்டுத் தோழன் இப்போது அரியணையில். என் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே இருந்துவிடு என்று அரசரே கேட்கிறார். யாரும் குறை சொல்ல முடியாத வேலை. அடிபட்ட தழும்போடு வந்த மனிதர், வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, அம்மா உயிரோடு அதே நகரத்தில். இருந்திருந்தால் விசுவாசத்தை மறுதலித்ததாக ஆகாது, யாரும் கோழை என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் 1690-ல் மறுபடி கப்பல் ஏறினார். திரும்பி, தடை போட்டிருந்த மறவர் சீமைக்கே வந்தார்.

மாட்டிக்கொண்டபின் உறுதியாக நிற்பது ஒரு வகை. விட்டுவிட்டார்கள், கடல் தாண்டியாயிற்று, இனி ஆபத்தில்லை என்று ஆனபின், ஆறு ஏழு மாசம் கப்பலில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் யோசிக்க நேரம் இருந்தும் மனம் மாறாமல் அதே இடத்துக்கு வருவது வேறு. முதல் வகைக்கு ரோஷமே போதும். இரண்டாவதற்கு என்ன வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, இதுவரை எனக்கு அருளானந்தரோடு எந்தச் சங்கடமும் இல்லை. சங்கடம் இனிமேல்தான்.

தடியத்தேவர் என்று ஒரு மறவர் தலைவர். சேதுபதியின் ஆசனத்துக்கு உரிமை கொண்டாடக்கூடிய குடும்பத்தில் பிறந்தவர். தீராத நோயில் கிடந்தவருக்கு ஒரு உபதேசியார் வந்து சுவிசேஷம் வாசித்துச் செபித்ததும் சுகமானது. ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். அருளானந்தர் ஒரு நிபந்தனை சொன்னார்: பல மனைவியர் கூடாது, ஒருத்திதான். தடியத்தேவர் சம்மதித்து, முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதியின் உறவுக்காரப் பெண். சித்தப்பன் மகளோ சகோதரி மகளோ, நெருங்கிய இரத்தம். ஐரோப்பியச் சாமியார்கள் தங்கள் காதில் விழுந்தபடி அவள் பெயரை எழுதிவைத்தார்கள், அதைத் திரும்பத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். நான் கடலாயி என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் நேராக ராமநாதபுரம் போய்ச் சேதுபதியிடம் முறையிட்டாள். ஜனவரி 8-ஆம் தேதி அருளானந்தரைப் பிடித்துவிட்டார்கள்.

திருநாள் நாடகங்களில் இவளை ஏரோதியாள் மாதிரி ஆக்கிவிடுவார்கள். ஸ்நாபக அருளப்பரின் தலையைக் கேட்டவள்போல. கண்ணில் மை, காலில் சலங்கை, ஒரு கொடூரச் சிரிப்பு. சின்ன வயதில் நானும் மணலில் உட்கார்ந்து அவளைப் பார்த்து “ஏய்” என்று கத்தியிருக்கிறேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவள் என்ன தப்புச் செய்தாள்? அந்தக் கால வழக்கப்படி முறையாகக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். ஒருநாள் காலையில் புருஷன் நீ இனி எனக்கு மனைவி இல்லை என்கிறான். காரணம், அவள் அறியாத ஒரு வேதம். அவள் யாரிடமும் விசுவாசம் கேட்கவில்லை, யாரும் அவளிடம் சம்மதம் கேட்கவில்லை. அவளுக்கு இருந்த ஒரே பலம் பிறந்த வீடு. அங்கே போனாள். என் மகளாக இருந்தால் நான் போகத்தான் சொல்லியிருப்பேன்.

எனக்கு இது வெறும் வரலாறாக இல்லாமல் உறுத்துவதற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே ஒரு கடலாயி உண்டு. என் ஐயாவின் பாட்டனார் வேதத்தில் சேர்ந்தபோது இரண்டு பெண்டாட்டிக்காரர். மூத்தவரோடு கோயிலில் கல்யாணத்தை மந்திரித்து வைத்தார்கள். சின்னவரை வண்டி கட்டி அவருடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இல்லை என்பதால் அதோடு கதை முடிந்தது. எங்கள் வீட்டில் விசுவாசத்தின் தொடக்கக் கதையாக இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள்: “சாமியார் ஒரு வார்த்தை சொன்னாரு, மறு வார்த்தை பேசாம வண்டி கட்டிட்டாருல்ல.” வண்டியில் ஏறியவர் என்ன பேசினார் என்று யாரும் சொன்னதில்லை.

அதற்காக, அருளானந்தர் கொஞ்சம் நெளிந்துகொடுத்திருக்கலாமே என்று எளிதாகச் சொல்லவும் என்னால் முடியவில்லை. தடியத்தேவர் சாதாரண ஆள் இல்லை. அவரைப் பழையபடி இருக்கவிட்டு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் மறவர் சீமையில் மிஷனுக்கு ஒரு சிற்றரசரே பாதுகாப்பு. பெரிய மனிதருக்கு ஒரு சட்டம், கூலிக்காரனுக்கு ஒரு சட்டம் என்று வளைந்த சாமியார்களை நாம் பார்க்காதவர்களா? இவர் வளையவில்லை. ஏழைக்கு என்ன சொன்னாரோ அதையே தடியத்தேவருக்கும் சொன்னார். இது சேதுபதியின் கோபத்தைக் கிளப்பும் என்று முன்பே சீமையை விட்டு விரட்டப்பட்டவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். விலையைத் தானே கொடுக்கத் தயாராகச் சொன்னார். ஆனால் அதே சொல்லுக்கு முதலில் விலை கொடுத்தவள் அவள்.

சேதுபதிக்கு இது பெண் விஷயம் மட்டும் இல்லை. ஆசனத்துக்குப் போட்டியாக வரக்கூடிய ஒருவர் புதிய கூட்டத்தோடு சேர்கிறார், அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் கடற்கரையில் பறங்கியர் இருக்கிறார்கள். எந்த அரசருக்கும் வயிறு கலங்கும். அப்படியானால் அருளானந்தர் செத்தது வேதத்துக்காகவா அரசியலுக்காகவா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியே எனக்கு அர்த்தமாகப் படவில்லை. நசரேயனாகிய இயேசுவின் தலைக்கு மேல் எழுதி அடித்த பலகையிலும் ‘யூதர்களின் அரசன்’ என்றுதான் இருந்தது.

ராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் தடியத்தேவரின் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. எனவே நாடு கடத்துவதாக வெளியே சொல்லிவிட்டு, ஓரியூரில் இருந்த தம்பி உடையத்தேவரிடம் அனுப்பினார்கள். தலையை வெட்டச் சொல்லும் உத்தரவு தனியாகப் போனது. பிப்ரவரி 3-ஆம் தேதி சிறையிலிருந்து தன் சபைச் சகோதரர்களுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. மை கிடையாது, கரியைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டார். எழுதுகோல் கிடையாது, ஒரு துரும்பு. நான் செய்த குற்றம் நல்ல காரியம் என்றால் படுகிற பாடு மகிமைதான் என்று எழுதினார். கரித்தண்ணீரில் எழுதும்போது நீட்டி முழக்க முடியாது என்பதாலோ என்னவோ, அந்த வரியில் அலங்காரமே இல்லை.

1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்குகிற நாள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் விபூதிப் புதன் என்பார்கள். ஈஸ்டர் தேதியைப் பொறுத்து வருஷா வருஷம் மாறுகிற நாள் என்பதால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது: சாம்பல் புதன் பிப்ரவரி 4-க்கு முன்னால் வரவே முடியாது, அன்றைக்கே வருவதும் மிக அபூர்வம். 1818-க்குப் பிறகு இதுவரை வரவில்லை, அடுத்தது 2285-ல்தான். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எங்கள் பங்குச்சாமியாருக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து திட்டு வாங்கினேன்.

ஆற்றங்கரை மேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். முழங்காலிட்டுச் செபித்தார். வெட்ட வந்தவன் அவர் கழுத்தில் தொங்கிய திருப்பண்டத்தை, அதாவது புனிதர் நினைவுப்பொருளைப் பார்த்து மந்திரத் தாயத்து என்று பயந்து, கையால் தொடாமல் வாளாலேயே கயிற்றை அறுத்தான். தோளில் காயம்பட்டது. அப்புறம் தாடி குறுக்கே வருகிறதென்று அதை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். இந்த ஒரு விவரம் என்னை ஏனோ விடுவதில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்யவேண்டும் என்ற அந்த மனிதனின் கவலை. தலை விழுந்தபின் கையும் காலும் வெட்டப்பட்டு, உடம்பைக் கம்பத்தில் ஏற்றினார்கள். அந்த இரத்தம் ஊறித்தான் மேடு சிவந்தது என்பது ஓரியூர்க்காரர்களின் நம்பிக்கை. அதுதான் அப்பத்தாவின் டப்பாவில் இருந்தது.

சேதி லிஸ்பன் போய்ச் சேர்ந்தபோது அரசர் துக்கம் கொண்டாடாமல் நன்றிப் பூசைக்கு ஏற்பாடு செய்தார். அம்மா கறுப்பு உடுத்தாமல் விழாவுக்குப் போகிற உடையில் வந்தார் என்று சொல்வார்கள். பிரசங்கங்களில் இது பெரிய உச்சக்கட்டம், “இதோ ஒரு வீரத்தாய்!” என்று. நான் அந்த உடையை வேறு மாதிரிப் பார்க்கிறேன். பிள்ளையைத் தடுக்க எங்கெங்கோ ஓடிப் பார்த்துத் தோற்ற ஒரு கிழவி. அந்த உடையை வீட்டில் உடுத்திக்கொண்டிருந்தபோது என்ன நினைத்திருப்பார்?

1853-ல் புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான முத்திப்பேறு பட்டமும், 1947 ஜூன் 22-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் கையால் புனிதர் பட்டமும் கிடைத்தன. நாடு விடுதலை அடைய இரண்டு மாசம்கூட இல்லை. அந்த வருஷம் ஓரியூருக்கு மாட்டுவண்டியில் போனதை அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்பதோ பத்தோ வயது. பட்டம் என்றால் காற்றாடி விடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனாராம்.

போன முறை ஓரியூர் போயிருந்தபோது செம்மண்ணை நானே அள்ளி முடிந்துகொண்டேன். டப்பா இப்போது என் வீட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு குடும்பம், நெற்றி நிறைய விபூதியோடு, பிள்ளைக்கு மொட்டை போட்டு முழங்காலில் நிற்கவைத்திருந்தது. “சாமி காப்பாத்து, சிவ சிவா” என்றார் அந்த வீட்டுப் பாட்டி. கெபிக்குள் சிலை அசையவில்லை. நான்தான் கொஞ்சம் திடுக்கிட்டேன்.

திரும்புகிற வழியில் பெரியத்தையைப் பார்க்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் இப்போது அவர்தான் வயதில் மூத்தவர். வண்டி கட்டி அனுப்பினார்களே, அந்தச் சின்னவர் பெயர் என்ன அத்தை என்று கேட்டேன். வெற்றிலையை மடித்தபடி ரொம்ப நேரம் யோசித்தார்.

“ராக்குன்னு சொல்லக் கேட்டிருக்கேன். ராக்காயியோ என்னமோ.” கொஞ்சம் கழித்து, “அவுகளுக்கு என்னப்பா இப்ப, பூசை வைக்கணுமா?” என்றார்.

வைக்கலாமா என்று கேட்டேன்.

“ஞானஸ்நானப் பேரு இல்லையே, சாமியார் எந்தப் பேரைச் சொல்லி வைப்பாரு?” என்றவர், வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, நான் கொண்டுபோன மண்ணில் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.